செம்மணல் நாட்டில் பசியாறும் வழி

கோடை விடுமுறையிலும் திருவிழாக் காலங்களிலும் குடும்பத்தோடு தூத்துக்குடிப் பக்கம் பயணம் செய்வோர் ஆயிரமாயிரம். ஆகஸ்டு 5-ஆம் நாள் பனிமய அன்னையின் திருவிழாவுக்குச் செல்வோர் ஒரு சாரார்; செப்டம்பர் 14-இல் மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவில் கூடுவோர் ஒரு சாரார்; உவரி அந்தோணியாரை நாடி ஆண்டு முழுவதும் செல்வோர் மற்றொரு சாரார். இவர்கள் அனைவரும் புறப்படுமுன் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “அந்தப் பக்கம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?”

வயிற்றுக் கேள்விதானே என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்லும் தாய்க்கு இதுவே முதற்கவலை. இதற்கு ஓட்டல்களின் பெயர்களை வரிசையாக எழுதி விடை கூறிவிடலாம். ஆனால் ஓட்டல்கள் இன்று தோன்றும், நாளை மறையும். நாம் கூற விரும்புவது வேறு. எந்தக் கடையில் உண்பது என்று கேட்பதற்கு முன், இந்த மண்ணும் இந்தக் கடலும் இந்த மாதத்தில் எதைத் தருகின்றன என்று கேட்டு உண்டால், பயணியின் வயிறும் நிறையும். அந்த உணவைத் தருகின்றவரின் அடுப்பும் அணையாது.

வறண்ட நாடா இது?

தூத்துக்குடியிலிருந்து தெற்கே திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை என்று செல்லுங்கால், சாலையின் இருமருங்கிலும் மண் சிவந்துகொண்டே வரும். சில இடங்களில் அது குன்றுகளாகக் குவிந்து கிடக்கும். இதனையே மக்கள் ‘தேரி’ என்கின்றனர். மணலின் மேல் இரும்புத் துரு படிந்திருப்பதால் இந்தச் செந்நிறம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் தன் மழையை உதிர்த்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வறண்ட காற்றாக இங்கே பாய்கின்றது. மணலை அள்ளி மேடாக்குகின்றது. தமிழ்நாட்டின் சராசரி மழையைவிட இங்குப் பெய்யும் மழை மிகக் குறைவு. எனவே இதனைத் ‘தமிழகத்தின் பாலைவனம்’ என்போரும் உளர்.

இந்தப் பாலையை அடுத்தே இயற்கையின் பெருஞ்செல்வம் ஒன்று கிடக்கின்றது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து, 560 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு, 1986-இல் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. 1989-இல் இந்த வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. திருநெல்வேலிச் சாலையில் உள்ள வல்லநாட்டில், 1987 முதல் வெளிமான்களுக்கென ஒரு சரணாலயம் இருக்கின்றது.

ஆகவே வறட்சியும் வளமும் இங்கே அண்டை வீட்டார். நெல் விளையாத தேரியில் பனை நிற்கின்றது. பனை நிற்காத கரைக்கு அப்பால் மீன் துள்ளுகின்றது. இரண்டுக்கும் இடையே உப்பளம் வெண்மை விரிக்கின்றது. இந்நாட்டுப் பந்தி இம்மூன்றாலும் ஆனது.

நகரில் நண்பகலும் இரவும்

முதலில் நகரத்தைப் பார்ப்போம். தூத்துக்குடியில் நண்பகல் உணவு என்றால் மீன்தான். தேங்காய் அரைத்து, புளி கரைத்து, மண்சட்டியில் கொதிக்கவைத்த குழம்பும், சுடுசோறும், வறுத்த துண்டு மீனும் சிறு உணவு விடுதிகளில் கிடைக்கும். இலையில் அமர்ந்தவுடன் பெரிய மீனின் பெயரைச் சொல்லி “அது இருக்கிறதா?” என்று கேட்பதே பலருக்கு வழக்கம். அவ்வாறன்றி, “அண்ணாச்சி, இன்றைக்குக் கரைக்கு என்ன வந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். ஊளியோ விளைமீனோ பாறையோ சாளையோ, அன்று வந்தது எதுவோ அதுவே சுவையில் சிறந்தது, விலையிலும் குறைந்தது. சாளையும் நெத்திலியும் ஏழை மீன் என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. வளரும் பிள்ளைகளுக்கு அவற்றைவிட நல்லுணவு அரிது.

இரவானால் நகரின் முகமே மாறிவிடும். வெளியூரார் ஒருவரிடம், “வாருங்கள், குடும்பத்தோடு நைட் கிளப்புக்குப் போவோம்” என்று தூத்துக்குடிக்காரர் அழைத்தால் திடுக்கிட வேண்டா. மாலையில் அடுப்பு மூட்டி நள்ளிரவு வரை நடக்கும் பரோட்டாக் கடைக்கே இவ்வூரார் அவ்வாறு பெயர் சூட்டியிருக்கின்றனர்! பரோட்டாவை எண்ணெயில் பொரித்து, மொறுமொறுவென்று பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றித் தருவர். துறைமுகத்திலும் பண்டகசாலைகளிலும் உழைத்துக் களைத்தவர்க்கு வயிற்றில் நிற்கும் உணவு தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு ஏற்ற உணவு இது. சிறுவருக்கும் முதியவருக்கும் அளவோடு கொடுப்பது நலம்.

ஊருக்குத் திரும்பும்போது கையில் எடுத்துச்செல்லத் தக்கது மக்ரூன். முட்டையின் வெண்கருவை நுரைபொங்க அடித்து, சர்க்கரை சேர்த்து, முந்திரிப் பருப்பின் தூளைக் கலந்து, சிறு கூம்புகளாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலர்த்துவர். மாவும் இல்லை, நெய்யும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியர் வழியாக இது வந்தது என்பர். ஐரோப்பாவில் பாதாம் பருப்பு இட்டதற்கு ஈடாக இங்கே முந்திரி அமர்ந்தது. கடற்காற்றின் ஈரம் பட்டால் இளகிவிடும். மூடி இறுக்கமான டப்பாவில் வைக்கவும்.

தேரியின் விருந்து

நகரை விட்டுத் தேரிக்குள் நுழைந்தால் ஓட்டல்கள் அருகிவிடும். அங்கே பயணிக்கு அன்னமிடும் தாய் பனைமரமே. 1978-இல் தமிழகத்தின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது இது. கோடையில் பதநீரும் நுங்கும், மழைக்கு முன் பனம்பழம், பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு, எக்காலத்தும் கருப்பட்டி என்று ஆண்டெல்லாம் இது பந்தி விரிக்கின்றது.

பனையேறி காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மரத்திலும் ஏறுகின்றார். பாளையை மெல்லிதாகச் சீவி, அதன் நுனியில் மண்கலயத்தைக் கட்டுகின்றார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகும். குடியைக் கெடுப்பதற்கும் குடும்பத்தைக் காப்பதற்கும் நடுவே நிற்பது ஒரு விரல் சுண்ணாம்புதான்! தவக்காலத்தை ஒட்டித் தொடங்கி ஆடி வரை நீடிக்கும் பருவத்தில், காலை வேளையில் பனையோலைப் பட்டையில் ஊற்றி, மாங்காய்த் துண்டோ நுங்கோ போட்டுத் தரும் பதநீரைப் பருகியவர், புட்டியில் அடைத்த வண்ண நீரை மீண்டும் தேடமாட்டார். வெயில் ஏறுமுன் பருகுவதே முறை.

எஞ்சிய பதநீர் ‘விடிலி’ என்னும் ஓலைக்குடிசைக்குச் செல்கின்றது. அங்கே பெரும்பாலும் வீட்டுப் பெண்களே அடுப்பின் முன் நின்று, மணிக்கணக்காகக் காய்ச்சி, பதம் பார்த்து, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுகின்றனர். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் நாடறிந்தது. அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. கருப்பட்டிக் காப்பி, சுக்குக் காப்பி, பனையோலைக்குள் மாவை வைத்து அவித்த ஓலைக் கொழுக்கட்டை ஆகியவை தேரி நாட்டுச் சிற்றுண்டிகள். சாத்தான்குளத்தை அடுத்த முதலூரில் தேங்காய்ப் பாலைக் கொண்டு கிண்டும் மஸ்கோத் அல்வாவையும் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கடலுக்கும் ஓய்வு நாள்

உழைப்பவருக்கு ஓய்வு நாள் இருப்பதுபோல் கடலுக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் அது. பள்ளி விடுமுறையும் அதே வேளையில் வருவதால், பயணிகள் பெரிய மீன் கேட்டு வருந்துவதும், கடைக்காரர் எங்கிருந்தோ வந்த பனிக்கட்டி மீனைப் பரிமாறுவதும் நிகழ்கின்றன. மே மாதத்தில் செல்வோர் நாட்டுப்படகில் வந்த சிறு மீனையோ, கருவாட்டுக் குழம்பையோ மகிழ்வுடன் ஏற்பதே அறிவுடைமை.

கடலாமை, கடற்பசு, கடல் அட்டை ஆகியவற்றைப் பிடிப்பதும் விற்பதும் உண்பதும் சட்டப்படி குற்றம். ஆமை இறைச்சியை மருந்தென்று உண்ட காலம் இக்கரையில் இருந்தது. அது போய்விட்டது, போகத்தான் வேண்டும். தேசியப் பூங்காவின் தீவுகளில் அனுமதியின்றி இறங்கலாகாது. 21 தீவுகளில் 2 தீவுகள் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. பல்லாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததே அதற்குப் பெரிதும் காரணம். பவளம் அழிந்தால் அதன் இடுக்குகளில் வளரும் மீன்குஞ்சும் அழியும். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இக்கடலில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. வற்றாது என்று நம்பிய செல்வமும் வற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பனையேறி இறங்கிவிட்டால்?

நம்மைப் பெரிதும் கவலைகொள்ளச் செய்வது இதுவே. பனை இருக்கின்றது; ஏறுவதற்கு ஆள் இல்லை. தவறினால் உயிர் போகும் தொழில். ஆண்டில் சில மாதமே வருவாய். சமூகத்தில் மதிப்பும் குறைவு. தந்தை ஏறிய மரத்தில் மகன் ஏற விரும்பவில்லை. அவனைக் குறைகூற நமக்கு உரிமை உண்டா? ஏறாத மரம் வருவாய் தராது. வருவாய் தராத மரம் செங்கற்சூளைக்கு விறகாகும். நட்ட பனை பயன் தர 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். இன்று வெட்டியதை நாளை ஈடுசெய்ய இயலாது. 2021-இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்றும் கூறியது. நல்ல செயல். ஆயினும் சட்டம் மரத்தை நிறுத்தி வைக்கலாம். மரத்தில் ஏறும் மனிதரை நிறுத்தி வைப்பது வாங்குவோரின் கையில்தான் இருக்கின்றது.

வாங்குவோர் என்ன செய்கின்றோம்? நகரத்துக் கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், விடிலி வாசலில் நிற்கும் மூதாட்டியிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகின்றோம். விலை மலிவாக வேண்டும் என்று நாம் அடம்பிடிப்பதாலேயே வெள்ளைச் சர்க்கரை கலந்த கருப்பட்டி சந்தையில் பெருகிவிட்டது. பத்து லிட்டர் பதநீரும், இரு வேளை மரமேற்றமும், விறகும், ஒரு பெண்ணின் பல மணி நேர உழைப்பும் அடங்கிய பொருள், சர்க்கரையின் விலைக்குக் கிடைக்குமா? மலிவாகக் கிடைத்தால் அது கருப்பட்டி அன்று என்றே கொள்க. காய்ச்சுமிடத்திலோ நம்பிக்கையான கூட்டுறவு விற்பனையகத்திலோ உரிய விலை கொடுத்து வாங்குவதே வாங்குபவருக்கும் நல்லது, விற்பவருக்கும் நல்லது.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

பங்குகளிலிருந்து பேருந்து ஏற்பாடு செய்வோர் இவற்றைக் கருதலாம். பிப்ரவரி முதல் ஜூலை வரை செல்வோர் காலையிலேயே தேரிச் சாலையில் பதநீருக்கென அரை மணி நேரம் ஒதுக்குக. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருவிழாவுக்குச் செல்வோர், தடைக்காலம் முடிந்து நிறைவாக வரும் மீனை நண்பகலில் நகரிலேயே உண்டுவிட்டுத் தெற்கே செல்க. கடற்கரைச் சிற்றூர்களில் கூட்டநாளில் உணவுக்கு நெருக்கடி உண்டு. தை மாதத்தில் செல்வோர் பனங்கிழங்குக் கட்டொன்று வாங்கி வருக. தேரியில் நிழலும் நல்ல தண்ணீரும் அரிது. குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்க. நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் மணலிலோ கரையிலோ விட்டு வர வேண்டா. அங்கிருந்து கடலுக்குச் செல்ல அவற்றுக்கு ஒரு காற்று போதும்.

குருத்தோலை ஞாயிறன்று பனங்குருத்தைக் கையில் ஏந்தி நடக்கின்றோம். அந்தக் குருத்தை வெட்டித் தர ஒருவர் மரமேறினார் என்பதை எத்தனை பேர் நினைக்கின்றோம்? உணவுக்கு முன் நன்றி சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோர், அந்த உணவு எந்தக் கைகளின் வழியாக வந்தது என்பதையும் சேர்த்துக் கற்பிப்பார்களாக. செம்மணல் நாட்டில் அக்கைகளை நேரிலேயே காட்டலாம்: கலயம் ஏந்திய கை, வலை இழுத்த கை, அடுப்பின் முன் வெந்த கை. அடுத்த பயணத்தில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். உரிய விலை கொடுத்து, அவர்கள் முன்னிலையிலேயே உண்ணுங்கள்.