ஆழ்கடல் பிராணிகளின் ஆகாரம்

நமது தேசத்தை மூன்று புறமும் கடல் சூழ்ந்திருக்கிறது. எனினும் நம்மவர் கடலைப்பற்றி அறிந்திருப்பதெல்லாம் கரையோரத்து அலையும், வலையில் விழும் மீனும், கப்பல் செல்லும் மேற்பரப்புமேயாம். அதற்குக் கீழே இரண்டு மூன்று மைல் ஆழத்தில் ஒரு பெரிய ஜீவலோகம் இருக்கிறதென்பதையும், அவ்வுலகத்தின் தரையிலிருந்து உலோகம் எடுக்க வழி தேடுவோரில் நமது அரசாங்கமும் ஒன்றென்பதையும் நமது வாசகரிற் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். அங்கே குடியிருப்போர் யார், அவர்கள் எவ்விதம் ஜீவனம் செய்கிறார்கள் என்று விசாரித்தறிந்த பிறகே இவ்விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லுதல் முறை. ஆதலின் முதலில் அவர்களுடைய வயிற்றுப்பாட்டை எடுத்துக்கொள்வோம்.

ஆழ்கடலில் உயிரே இல்லையென்று நம்பிய காலமும் உண்டு. எட்வர்ட் போர்ப்ஸ் என்னும் பிரிட்டிஷ் சாஸ்திரி ஈஜியன் கடலை ஆராய்ந்து, ஆழம் செல்லச் செல்லப் பிராணிகள் குறைவதைக் கண்டு, 300 பாகத்துக்குக் கீழே ஜீவராசிகள் இரா என்று 1843-ம் வருஷத்தில் ஊகித்தார். 1872 முதல் 1876 வரையில் உலகைச் சுற்றிவந்த சாலஞ்சர் என்னும் கப்பல் மிகுந்த ஆழங்களிலிருந்தும் உயிருள்ள ஜந்துக்களை வாரி எடுத்து அக்கொள்கையைப் பொய்ப்பித்தது. 1960-ம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி ழாக் பிக்கார், டான் வால்ஷ் என்னும் இருவர் பசிபிக் சமுத்திரத்தில் ஏறக்குறைய 10,900 மீட்டர் ஆழம் இறங்கி மீண்டனர்.

அங்குள்ள நிலைமை எத்தகையது? 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் சிறிதும் எட்டுவதில்லை. தண்ணீர் பனிக்கட்டியின் குளிர்ச்சியை அடுத்திருக்கிறது. பத்து மீட்டருக்கு ஒரு வாயுமண்டல பாரம் வீதம் அழுத்தம் ஏறுகின்றமையால், 4,000 மீட்டரில் அது 400 மடங்குக்கு மேலாகிறது. ஆயினும் இவ்வழுத்தம் அங்குள்ள பிராணிகளை நசுக்கிவிடுவதில்லை. அவற்றின் தேகத்தில் காற்றடைத்த அறைகள் பெரும்பாலும் இல்லை. உள்ளும் நீர், புறமும் நீர். அவற்றின் தசையிலுள்ள ஒருவகை இரசாயனப் பொருள் அழுத்தத்தால் புரதங்கள் கெடாதபடி காக்கிறது. ஜப்பானுக்குத் தெற்கே 8,336 மீட்டர் ஆழத்தில் கூழ்போன்ற உடலுடைய ஒரு சிறு மீன் நீந்துவதை 2022-ம் வருஷத்தில் படம் பிடித்திருக்கிறார்கள்.

இவை யாவற்றினும் கொடியது பசி. வெயில் இல்லாத இடத்தில் பயிரில்லை. கடலில் வளரும் நுண்ணிய பாசிகளெல்லாம் மேலே 200 மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. அங்கே செத்தவையும், தின்றவற்றின் மலமும், உதிர்ந்த தோலும் சிறு துணுக்குகளாக ஓயாது கீழே விழுகின்றன. இதைக் கடற்பனி என்பர். தரையை எட்டுவதற்கு அதற்குப் பல நாட்கள், சில சமயம் பல வாரங்கள் ஆகின்றன. வழியிலே தின்பார் பலராதலால், மேலே விளைந்ததில் நூற்றுக்கு ஓரிரு பங்கே அடித்தரை சேர்கிறது. நமது இராமநாதபுரக் கரையோர் நன்கறிந்த கடலட்டையின் இனத்தவை அச்சேற்றை மேய்ந்து காலங்கழிக்கின்றன. இரத்தங் குடிப்பது போன்ற பேர் படைத்த வாம்பயர் கணவாய், தன் உடலிலிருந்து மெல்லிய இழைகளை நீட்டி இப்பனியைச் சேகரித்து உண்டு வாழும் சாதுவென்பது 2012-ல் தெளிவாயிற்று.

வேறு சில பிராணிகள் காத்திராமல் மேலே சென்று உண்டு வருகின்றன. இரவில் எண்ணிறந்த சிறு மீன்களும் இறாலினங்களும் மேற்பரப்புக்கு ஏறி, விடியுமுன் இருளுக்குத் திரும்புகின்றன. இரண்டாவது உலக யுத்தத்தில் ஒலிக்கருவி கொண்டு ஆழம் பார்த்தவர்கள் இக்கூட்டத்தையே கடலின் தரையென்று மயங்கினார்கள்.

இருளிலே வேட்டையாடுவனவோ, கிடைத்த சமயத்தை விடுவதில்லை. தூண்டில் மீனின் பெண், ஒளிவிடும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ஒரு கொம்பைத் தன் வாய்க்கு முன்னே ஆட்டி இரையை வரவழைக்கிறது. தன்னினும் பெரிய மீனை விழுங்கி வயிறு பையாகத் தொங்க நீந்துவதும் உண்டு. சிக்கனத்திலும் இவற்றுக்கு நிகரில்லை. நண்டு இறால் வகுப்பைச் சேர்ந்த, பெரும் பூச்சி போன்ற ஒரு பிராணி ஜப்பானியக் காட்சிசாலை ஒன்றில் 2009 ஜனவரியில் உண்டபின், 2014 பிப்ரவரியில் இறக்குமளவும் ஆகாரத்தைத் தொடவில்லை.

எப்போதாவது பெருவிருந்தும் கிடைக்கிறது. செத்த திமிங்கிலமொன்று 1,240 மீட்டர் ஆழத்தில் கிடப்பதை 1987-ல் காலிபோர்னியாவுக்கு அப்பால் கண்டார்கள். முதலில் சுறாக்களும் விலாங்கு போன்ற மீன்களும் சதையைத் தின்கின்றன. பின்பு புழுக்கள் எச்சத்தை உண்கின்றன. கடைசியில் எலும்பிலுள்ள கொழுப்பே பல்லாண்டுகள் ஒரு கூட்டத்தைப் போஷிக்கிறது. வாயும் குடலுமின்றி எலும்பில் வேர்விட்டு வாழும் ஒரு புழுவை 2002-ல் கண்டெடுத்தனர். இருபதாம் நூற்றாண்டில் மனிதர் கொன்ற திமிங்கிலங்கள் ஏறக்குறைய 29 லட்சம். அவற்றை மேலே கொன்றபோதே, கீழேயிருந்த எத்தனையோ வாய்களின் அன்னத்தையும் நாம் பறித்துவிட்டோம்.

சூரியனை நம்பாத குடிகளும் உண்டு. 1977-ம் வருஷத்தில் காலபாகஸ் தீவுகளையடுத்து, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுக்களைப் பூகர்ப்ப சாஸ்திரிகள் கண்டனர். அவற்றைச் சுற்றி ஆளுயரக் குழாய்ப்புழுக்கள் அடர்ந்திருந்தன. அவற்றுக்கு வாயில்லை. உடலினுள்ளே வாழும் நுண்ணுயிர்கள் ஊற்றிலுள்ள கந்தக வாயுவின் சக்தியைக்கொண்டு உணவு சமைத்துக் கொடுக்கின்றன. ஆயினும் அவை சுவாசிக்கும் பிராணவாயு மேலுள்ள பாசிகள் தந்ததே.

இனி, நாம் தொடக்கத்தில் குறித்த விஷயத்துக்கு வருவோம். ஆழ்கடல் தரையில் உருளைக்கிழங்கு போன்ற உலோகக் கட்டிகள் பரந்து கிடக்கின்றன. அவற்றில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட்டு, தாமிரம் உண்டு. பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதமே அவை வளர்கின்றன. அவற்றின்மேல் முளைத்த கடற்பஞ்சுகளின் காம்பில் ஒருவகை வெள்ளைச் சாக்குக்கணவாய் முட்டையிட்டுக் காக்கிறதென 2016-ல் தெரிந்தது. பெரு நாட்டுக்கு அப்பால் 1989-ல் ஜெர்மானியர் சோதனையாகத் தரையைக் கிளறினர்; 26 வருஷங்கழித்து 2015-ல் சென்று பார்த்தபோதும் உழவுகோடுகள் அழியவில்லை, குடிகளும் பழையபடி திரும்பவில்லை. பசியை வெல்லும் பொருட்டு மெதுவாக வாழக் கற்றவர்க்கு, காயம் ஆறுவதும் மெதுவாகவே நடக்கிறது.

இத்தரை எத்தேசத்துக்கும் சொந்தமன்று. 1967-ல் மால்டாவின் பிரதிநிதி அர்விட் பார்டோ ஐக்கிய நாடுகள் சபையில் வற்புறுத்தியபடியே, 1982-ம் வருஷத்துக் கடற்சட்டம் இதை மனித குலத்தின் பொதுச்சொத்தென விதித்தது. அச்சட்டத்தின்கீழ் நமது தேசம் 2002-ல் இந்து மகாசமுத்திரத்தின் நடுவே 75,000 சதுர கிலோமீட்டரை ஆராயும் ஒப்பந்தம் பெற்றது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2021-ல் வராஹம் என்று பெயரிட்ட இயந்திரத்தை 5,270 மீட்டர் ஆழத்தில் இறக்கி நடத்திப் பார்த்தனர். நம்மவரின் இத்திறமை மெச்சத்தக்கது. உலோகம் தேசத்துக்கு வேண்டியதென்பதையும் நாம் மறுக்கவில்லை.

ஆனால் பொதுச்சொத்தில் கைவைப்பவன் சேதமில்லையென்று ருசுப்படுத்தக் கடமைப்பட்டவன். இங்கு எதிர்க்கட்சிக்காரருக்கு வாயில்லை. சிலவற்றுக்கு உண்மையாகவே வாயில்லை! அவர்கள் பொருட்டு வக்காலத்து எடுத்துக்கொள்வது பொதுஜனங்களின் கடமை. அடித்தரை ஆராய்ச்சி முற்றுப்பெற்று, அதன் முடிவுகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டு, பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படும் வரையில் கட்டி வாரும் வேலையைத் தொடங்கலாகாதென்று நாம் வற்புறுத்துகிறோம். புராணத்து வராகம் கடலுள் இறங்கியது பூமியை மீட்பதற்கு. நாம் இறக்கும் வராகமும் அப்பெயருக்கு இழுக்கு வராமல் நடக்குமாக.