குற்றாலத்து ரசிகமணி

பிரான்ஸ் தேசத்தில் 1571-ஆம் ஆண்டு உத்தியோகம் துறந்து கோபுர அறையில் புத்தகங்களினிடையே அமர்ந்து, தம் மனத்தையே பரீட்சித்து 1580-இல் வெளியிட்ட நூலால் கட்டுரை இலக்கியத்துக்கு ஆதிகர்த்தாவானவர் மான்டேன். தமிழ்நாட்டில், மலையடிவாரக் குற்றாலத்தில், அவரை ஒத்த சுபாவத்தோடு வாழ்ந்தவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார்.

வக்கீல் தொழிலும் அறநிலைய அதிகாரமும் கண்டு ஓய்ந்தபின் கம்பனை ரசிப்பதையே தவமாகக் கொண்ட அவர், திருநெல்வேலி வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் சூழ நிகழ்த்திய சம்பாஷணையின் சரளத்தை ‘இதய ஒலி’க் கட்டுரைகளிலும், எண்ணற்ற கடிதங்களிலும் நிலைநிறுத்தினார்.

பாண்டித்தியத்தினும் அனுபவமே பிரதானம் என்பது இருவருக்கும் பொதுவான சித்தாந்தம். மான்டேன் தம்மை ஆராய்ந்தார், ரசிகமணியோ கவிதையின் பாவத்தையும் உருவத்தையும் ஆராய்ந்தார். 1954-இல் அவர் மறைந்த பின்னும், பாஸ்கரத் தொண்டைமான், கி. ராஜநாராயணன் ஆகியோரின் எழுத்தில் அந்த ரசனை மரபு தழைத்தது.