இத்தாலிய மொழியில் ‘கொஞ்சம்’, ‘சில’

அளவு தெரியாதபோதும், தெரிந்தும் சொல்லத் தேவையில்லாதபோதும் இத்தாலிய மொழி நான்கு வழிகளைக் கையாள்கிறது: ‘தெல்’ குடும்பச் சொற்கள், ‘உன் போ தி’, ‘அல்கூனி’, ‘குவால்கே’. ஏற்கெனவே பேச்சில் வந்த பொருளின் அளவைச் சொல்ல ‘நே’ என்ற சிறு சொல்லும் துணைக்கு வரும். நான்கின் பொருளும் ஏறத்தாழ ஒன்றே. எது எந்தப் பெயர்ச்சொல்லோடு சேரும் என்பதில்தான் வேறுபாடு. (‘தெல்’, ‘தி’ ஆகியவற்றின் முதலெழுத்தை, ‘பந்து’ என்னும் சொல்லில் ‘து’ ஒலிப்பதுபோல ஒலிக்க வேண்டும்.)

‘தி’ என்பது ‘உடைய’, ‘இலிருந்து’ என்று பொருள்படும் முன்னிடைச்சொல். அது பெயருக்கு முன் வரும் ஆர்ட்டிகிளோடு, அதாவது ‘அந்த’ என்பதுபோல் பொருள்படும் ‘இல்’, ‘லோ’, ‘லா’ போன்ற சொல்லோடு, புணர்ந்து ஒரே சொல்லாகிறது. ‘தி’யும் ‘இல்’லும் சேர்ந்தால் ‘தெல்’, ‘லோ’வோடு ‘தெல்லோ’, ‘லா’வோடு ‘தெல்லா’. பன்மையில் ‘தெய்’, ‘தெல்யி’, ‘தெல்லே’ என்று வரும். ரொட்டி ஆண்பால், ஆகவே ‘தெல் பானே’. மாவு பெண்பால், ஆகவே ‘தெல்லா ஃபரீனா’. சர்க்கரை ஆண்பால்தான் என்றாலும் ‘ட்ச’ ஒலியில் தொடங்குவதால் ‘தெல்லோ ட்சூக்கெரோ’ ஆகிறது. ஒருமையில் உயிரெழுத்துக்கு முன் கடைசி உயிர் கெட்டுவிடும். தண்ணீர் ‘தெல்லாக்குவா’ ஆவது அப்படித்தான். முட்டை இன்னும் விசித்திரமானது. ஒருமையில் ‘உவோவோ’ ஆண்பால். பன்மையில் ‘உவோவா’ பெண்பாலாக மாறி ‘தெல்லே உவோவா’ என்று நிற்கும்.

‘ஒரு’ என்ற பொருளில் வரும் ‘உன்’, ‘ஊனா’ ஆகியவற்றை நேராகப் பன்மையாக்க முடியாது. ‘உன் லிப்ரோ’ என்றால் ஒரு புத்தகம். பல புத்தகங்களைக் குறிப்பிடாமல் சொல்ல ‘தெய் லிப்ரி’ கைகொடுக்கிறது. இத்தாலிய இலக்கணநூல்கள் இந்தக் குடும்பத்தை ‘ஆர்த்திகோலோ பர்த்தித்தீவோ’, அதாவது பகுதியைக் குறிக்கும் ஆர்ட்டிகிள் என்கின்றன. முழுமையிலிருந்து ஒரு பகுதி என்பதே இதன் அடிப்படைக் கருத்து.

பொருள் வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் காணலாம். ‘மாஞ்ஜோ இல் பானே’ என்றால் கேட்பவருக்கும் தெரிந்த அந்த ரொட்டியைச் சாப்பிடுகிறேன் என்று பொருள். ‘மாஞ்ஜோ தெல் பானே’ என்றால் கொஞ்சம் ரொட்டி சாப்பிடுகிறேன். ‘மாஞ்ஜோ பானே’ என்று வெறுமனே சொன்னால் அளவு பின்னுக்குப் போய், சாப்பிடுவது எந்த வகை உணவு என்பது முன்னுக்கு வருகிறது.

பிரெஞ்சு மொழியில் இத்தகைய இடங்களில் ஆர்ட்டிகிளை விட முடியாது. ஸ்பானிய மொழியில் இப்படி ஓர் ஆர்ட்டிகிளே கிடையாது. இத்தாலியம் இரண்டுக்கும் நடுவே நின்று, பல இடங்களில் முடிவைப் பேசுபவரிடமே விட்டுவிடுகிறது. வட இத்தாலியப் பேச்சில் ‘தெல்’ மிகுதி, தெற்கே குறைவு.

ஆனால் சில இடங்களில் அது வழக்கமாக வராது. எதிர்மறை வாக்கியத்தில் விட்டுவிடுவார்கள்: ‘நோன் மாஞ்ஜோ கார்னே’, இறைச்சி சாப்பிடுவதில்லை. ரொட்டி, பால், முட்டை என்று பட்டியலிடும்போதும் பெரும்பாலும் வெறும் பெயர்களே போதும். ‘தி’ என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் அது வரவே கூடாது. குறிப்பிட்ட அளவு முன்னால் வந்துவிட்டாலும் வெறும் ‘தி’ மட்டுமே வரும். ஒரு கிலோ ரொட்டி ‘உன் கீலோ தி பானே’. ‘தெல் பானே’ என்பது அங்கே பிழை.

‘உன் போ தி’ என்பதற்குக் ‘கொஞ்சம்’ என்று பொருள். எண்ண முடியாத பொருள்களுக்கு இதுவே எளிய வழி. ஆண்பால், பெண்பால் கவலை இல்லை. ‘போக்கோ’ என்ற சொல் குறைந்து ‘போ’ ஆனதால் எழுத்தில் அதன்பின், விடுபட்டதைக் காட்டும் அப்பாஸ்ட்ரஃபி (’) குறி போட வேண்டும். அதற்குப் பதிலாக உயிரெழுத்தின் தலையில் அழுத்தக்குறி போடுவது இத்தாலியர்களே அடிக்கடி செய்யும் எழுத்துப்பிழை.

எண்ணக்கூடிய பொருள்களுக்கு ‘அல்கூனி’, பெண்பாலில் ‘அல்கூனே’. இவை பன்மைப் பெயரோடு வரும்: ‘அல்கூனி லிப்ரி’, சில புத்தகங்கள். ‘குவால்கே’யும் அதே பொருள்தான் தருகிறது, ஆனால் எப்போதும் ஒருமைப் பெயரோடுதான் வரும். ‘குவால்கே லிப்ரோ’ சரி, ‘குவால்கே லிப்ரி’ தவறு. வினையும் ஒருமையிலேயே நிற்கும். ‘நாலு மாடு வந்தது’ என்று பேசிப் பழகிய தமிழருக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. சர்க்கரை, தண்ணீர் போன்று எண்ண முடியாதவற்றோடு இவ்விரண்டும் சேர்வதில்லை.

‘நே’ எப்படி இயங்குகிறது என்பதைப் பன்றித் தொடை இறைச்சி விற்கும் கடையில் கேட்கலாம். வாடிக்கையாளர் ‘வொர்ரேய் தெல் புரொஷூத்தோ’ என்கிறார். கொஞ்சம் புரொஷூத்தோ வேண்டும். கடைக்காரர் ‘குவாந்தோ நே வுவோலே?’ என்று கேட்கிறார். அதில் எவ்வளவு வேண்டும்? ‘தூவே எத்தி’ என்பது பதில். ஓர் எத்தோ என்பது 100 கிராம். முதலில் அளவில்லாமல் ‘தெல்’ வந்தது. அளவு கேட்கும்போது அந்தப் பொருளின் இடத்தை ‘நே’ பிடித்துக்கொண்டது. இதை விட்டுவிட்டு ‘ஆறு வாங்கினேன்’ என்று தமிழ்போல் சொல்ல முடியாது. முட்டையைப் பற்றிய பேச்சென்றால் ‘நே ஓ கொம்ப்ராத்தே சேய்’ என்றே சொல்ல வேண்டும். வாங்கப்பட்டவை பெண்பால் பன்மை என்பதால் வினையின் ஈறும் ‘கொம்ப்ராத்தே’ என்று மாறியிருக்கிறது.

சமையல் குறிப்புகளில் இன்னொரு வழக்கும் உண்டு. உப்புக்கு எதிரே ‘குவாந்தோ பாஸ்தா’ என்பதன் முதலெழுத்துகள் இரண்டை மட்டும் அச்சிடுவார்கள். நம் குறிப்புகளில் வரும் ‘தேவையான அளவு’தான் அது.

புதிதாகப் படிப்பவர், எண்ண முடியாதவற்றுக்கு ‘உன் போ தி’யையும் எண்ணக்கூடியவற்றுக்கு ‘அல்கூனி’யையும் முதலில் கைவசப்படுத்திக்கொள்வது நல்லது. ‘தெல்’ வர வேண்டிய இடமும் விட வேண்டிய இடமும் கேட்கக் கேட்கப் பிடிபடும். ‘குவால்கே’க்குப் பின் ஒருமை, அளவுச் சொல் தனித்து நின்றால் ‘நே’ என்ற இரண்டை மட்டும் தொடக்கத்திலிருந்தே தவறவிடக் கூடாது.