பனியனைக் கழற்றாத பையன்கள்!

தாமிரபரணியில் குளிக்க வருகிற ஆண்களை இரண்டு கட்சியாகப் பிரிக்கலாம். சட்டையைக் கரையில் வீசிவிட்டுத் 'தொபுக்கடீர்' என்று குதிக்கிற கட்சி ஒன்று. பனியனோடு ஓரமாக நின்று நனைந்துவிட்டுப் போகிற கட்சி இன்னொன்று. இரண்டாவது கட்சிக்காரர்களை 'கூச்ச சுபாவம்' என்று தள்ளிவிடாதீர்கள். சிலருக்குக் காரணமே வேறு!

மேலப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன், வயது 24. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறான். கடையில் எல்லோரும் வேன் பிடித்துக் குற்றாலம் கிளம்பினால், இவனுக்கு மட்டும் காய்ச்சல் வந்துவிடும்.

"என்னல, சீசனுக்குச் சீசன் கரெக்டா காய்ச்சல் வருது உனக்கு?"

ரொம்ப நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "சட்டையக் கழட்டுனா சிரிப்பானுவோ அண்ணாச்சி..."

அவனுக்கு மார்பு, பெண்களுக்கு இருப்பதுபோல் கொஞ்சம் எடுப்பாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த 'அவ்வளவுதான்', ஒரு பையனைப் பத்து வருஷம் அருவிப் பக்கமே போகவிடாமல் செய்திருக்கிறது!

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'கைனகோமாஸ்டியா'. பெயர்தான் பயமுறுத்தும். வயசுக்கு வரும் பையன்களில் சுமார் பாதிப் பேருக்குக் கொஞ்சமாவது வந்து, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். ஹார்மோன் கொஞ்சம் முன்னே பின்னே ஆவதுதான் காரணம். ஆண்மைக்குறைவு, அது இது என்று டீக்கடையில் சொல்வதெல்லாம் சுத்தப் பேத்தல். ஏழாம் நூற்றாண்டிலேயே ஏஜினாவின் பால் என்ற கிரேக்க வைத்தியர் இதற்கு ஆபரேஷன் செய்யும் முறையை எழுதி வைத்திருக்கிறார். ஆக, இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த கவலை அல்ல!

எடுத்ததும் கத்தியா?

கூடாது. முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வெறும் கொழுப்பென்றால் உடம்பு இளைத்தால் குறையும். சில மாத்திரைகளால் வரலாம். ஜிம்மில் 'சீக்கிரம் பாடி வரும்' என்று போடுகிற ஸ்டீராய்டு ஊசியாலும் வரலாம். (மார்பை விரிக்கப் போய் இப்படி!) குடி, கல்லீரல் கோளாறு, தைராய்டு எல்லாமே சந்தேக லிஸ்டில் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகக் கட்டி, காம்பில் ரத்தக் கசிவு என்றால் வெட்கத்தை மூட்டை கட்டிவிட்டு உடனே ஓடுங்கள். அபூர்வம்தான், ஆனால் ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்.

மேலப்பாளையத்துக்காரர்கள் ரொம்ப அலைய வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. சர்ஜரி ஓ.பி.யில் காட்டி ஆரம்பிக்கலாம். தனியார் என்றால், விளம்பரத்தைப் பார்க்காமல் டாக்டர் பெயருக்குப் பின்னால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். மயக்க மருந்து டாக்டர் யார் என்றும் கேளுங்கள். 2016-ல் சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவரே உயிரிழந்தார். 'சின்ன ஆபரேஷன்தானே' என்று எதையும் சொல்ல முடியாது.

முன்னால்...

ஆபரேஷன்தான் வழி என்று முடிவானால் ஏற்பாடுகள் ஒரு மாதம் முன்பே தொடங்குகின்றன. பீடி, சிகரெட் கட்! பீடி சுற்றிப் பிழைக்கிற ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், தையல் ஆறாது. ஆஸ்பிரின் முதல் நாட்டு மருந்து வரை சாப்பிடுவதை எல்லாம் டாக்டரிடம் ஒப்பித்துவிடுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

ஆபீஸில் ஒரு வாரம் லீவு. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நாலு. கையைத் தூக்கி டி-ஷர்ட் மாட்டவெல்லாம் கொஞ்ச நாளைக்கு முடியாது!

நான் பி.காம். ஆகவே காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். 'அழகுக்காக' என்றால் இன்ஷூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. மருத்துவக் காரணம் இருந்தால் டாக்டர் சான்றோடு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் 2018-ல் மார்பகச் சீரமைப்புக்கு இலவச கிளினிக் தொடங்கியபோது, 'இதெல்லாம் அரசாங்கத்தின் வேலையா?' என்று சண்டையே நடந்தது. மார்பின் பாரம் தாங்காமல் கழுத்து வலி, முதுகு வலியோடு இருக்கும் பெண்களைக் கேட்டால் பதில் சொல்வார்கள்.

பின்னால்...

காம்பைச் சுற்றிய கருவளையத்தின் ஓரத்தில் சின்னதாகக் கீறி, சுரப்பித் திசுவை எடுப்பார்கள். கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சுவார்கள். அநேகமாக அன்றோ மறுநாளோ வீடு. மறுநாளே மெதுவாக நடக்கலாம். நாற்காலி வேலை என்றால் சுமார் ஒரு வாரத்தில் ஆபீஸ். பைக்குக்கு இரண்டு வாரமாவது பொறுங்கள். ஜிம், கேஸ் சிலிண்டர் தூக்குவது எல்லாம் ஒன்றரை மாதம் கழித்து.

முக்கியமானது, இறுக்கமான மார்புக் கச்சை. நாலு முதல் ஆறு வாரம், ராத்திரி பகல் போட வேண்டும். திருநெல்வேலி வெயிலில் அது தண்டனைதான். இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவையுங்கள், கழற்றி மட்டும் எறியாதீர்கள். வீக்கம் வடிந்து சரியான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை தினமும் கண்ணாடி முன்னால் நின்று மார்க் போடாதீர்கள். மரத்துப் போன உணர்ச்சியும் மெள்ளத்தான் திரும்பும்.

ஒரு பக்கம் திடீரென்று வீங்கி இறுகினாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ, 'இன்னிக்கு செவ்வாய், சந்தைக் கூட்டமா இருக்கும், நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அதே நிமிஷம் கிளம்புங்கள்.

அந்தத் தம்பி டாக்டரிடம் போய் வந்துவிட்டான். டெஸ்ட்டில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆபரேஷன் செய்துகொள்வதா வேண்டாமா என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். செய்யாமலே விட்டாலும் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று டாக்டர் சொன்னதும், "இத எவனும் இத்தன நாளா சொல்லலியே அண்ணாச்சி!" என்றான்.

சொல்லாதது மட்டுமா? நாம் அத்தனை நாளும் சிரித்துக்கொண்டல்லவா இருந்தோம்! கூட இருப்பவர்கள் அந்தச் சிரிப்பை நிறுத்த ஆபரேஷன் வேண்டாம், லீவு வேண்டாம், இன்ஷூரன்ஸும் வேண்டாம். அடுத்த குற்றாலம் வேனில் ஏறும்போதே ஆரம்பிக்கலாம்.