பொத்தான் அல்ல குற்றவாளி

குளிர்காலத் தில்லியிலும் கோடைகால நாக்பூரிலும் கார்க்காரர்களின் காலைப் புலம்பல் ஒன்றுதான்: ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. உடனே சந்தேகம் விழுவது பொத்தான் மீது. அதை மாற்று, கம்ப்யூட்டரை மாற்று என்று ஆலோசனைகள் குவியும். பணம் கைமாறும், கார் நகராது. ஏனெனில் பெரும்பாலும் பொத்தான் நிரபராதி.

பழைய சாவி மின்சாரத்தை நேரடியாகத் திறந்துவிட்டது. 1990-களின் இறுதியில் மெர்சிடிஸ்-பென்ஸின் எஸ் கிளாஸ் கார்களில் அறிமுகமாகி, இப்போது சிறிய கார்களுக்கும் வந்துவிட்ட பொத்தானோ வெறும் மனுதாரர். அழுத்தியதும் கட்டுப்பாட்டுப் பெட்டி விசாரணை நடத்துகிறது: உரிய சாவி உள்ளே இருக்கிறதா? ஸ்டீயரிங் பூட்டு விடுபட்டதா? பிரேக்கில் அல்லது கிளட்சில் கால் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் 'ஆம்' கிடைத்தால்தான் எஞ்சினுக்கு உத்தரவு. மனு எந்த மேஜையில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே வைத்தியம்.

முதல் மேஜை, 12 வோல்ட் பேட்டரி. ஹாரன், உள்விளக்கு, டாஷ்போர்டு எல்லாமே ஊமை என்றால் சந்தேகமே வேண்டாம். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி, மல்டிமீட்டரில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. குளிர் அதன் வேகத்தைக் குறைக்கிறது, வெயில் ஆயுளைக் குறைக்கிறது. டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியும் மின்சாரத்தைத் தடுக்கும். மின்சாரக் கார்களும் விதிவிலக்கல்ல: பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், சிறிய 12 வோல்ட் பேட்டரி படுத்தால் கார் விழிக்காது.

விளக்குகள் பளிச்சென்று எரிந்து, 'சாவி இல்லை' என்ற எச்சரிக்கை வந்தால் கோளாறு சாவிக்குள். பல சாவிகளில் இருப்பது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி. பல கார்களில் சாவியையே பொத்தான் மீது ஒட்டி வைத்து அழுத்தினால் கார் கிளம்பும். அதிலுள்ள சிப்பைப் படிக்க சாவியின் பேட்டரி தேவையில்லை.

டாஷ்போர்டு எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லையா? பிரேக்கை மிதிக்கும்போது பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச் மீது கண் வைக்கவேண்டும். ஆட்டோமேட்டிக்கில் கியர் 'பி'-யில் இருக்கவேண்டும். ஸ்டீயரிங் இறுகியிருந்தால், அதை மெல்ல அசைத்தபடி பொத்தானை அழுத்தவேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் ஃப்யூஸ், கடைசியாகத்தான் பொத்தான்.

நம் ஊரின் பழைய வைத்தியமான 'தள்ளு' இங்கே எடுபடாது. ஆட்டோமேட்டிக் கார்கள் தள்ளினால் கிளம்புவதில்லை. மேனுவலிலும் பேட்டரி முற்றிலும் காலியானால் மின்னணுப் பெட்டிகள் விழிக்காது. மிஞ்சுவது ஜம்பர் கேபிள். அதில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால், பேட்டரியோடு போகவேண்டிய செலவு கம்ப்யூட்டர் வரை நீளும்.