தாதர்: இரு பாதைகள் கூடும் நிலையம்

மும்பையில் குடியேறி வாழும் நம்மவர்களுள் தாதர் ரயில் நிலையத்தை அறியாதவர் அரியர். மாதுங்காவிலும் தாராவியிலும் வசிப்போருக்கு அது அண்டை வீடு போன்றது. திருநெல்வேலிக்கும் புதுச்சேரிக்கும் செல்லும் சாளுக்கியா விரைவு வண்டிகள் புறப்படுவதும் அங்கிருந்தே. ஆயினும், அந்நிலையம் எவ்வாறு உருவாயிற்று என்று நின்று எண்ணிப் பார்க்க அங்குள்ள கூட்டம் நமக்கு இடங்கொடுப்பதில்லை.

சந்திப்பு நிலையம் என்றதும் நம் நினைவில் எழுவது விழுப்புரமோ அரக்கோணமோ ஆகும். அங்கே பல திசைப் பாதைகள் வந்து கூடிப் பிரிகின்றன. தாதரின் இயல்பு வேறு. அங்கே இரண்டு ரயில்வேக்களின் பாதைகள் அருகருகே ஓடித் தத்தம் வழியே போய்விடுகின்றன. ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்கு மாறுபவர்கள் பிரயாணிகளே.

இதற்குக் காரணம் வரலாற்றில் உள்ளது. 1853 ஏப்ரல் 16 அன்று கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பிரயாணி வண்டியை ஓட்டியது. பம்பாய், பரோடா அண்டு சென்ட்ரல் இந்தியா ரயில்வே என்னும் மற்றொரு கம்பெனியின் பாதை குஜராத்திலிருந்து தெற்கே நீண்டு, 1864இல் பம்பாயை அடைந்தது. தாதருக்கு வடக்கே ஒன்று குர்லா, கல்யாண் நோக்கியும், மற்றொன்று பாந்திரா, அந்தேரி நோக்கியும் பிரிகின்றன. தெற்கிலோ, ஒன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலும் மற்றொன்று சர்ச்கேட்டிலும் முடிகின்றன. ஆகவே கல்யாணிலிருந்து அந்தேரி செல்பவர், பெரும்பாலும் தாதரில் இறங்கி வண்டி மாற வேண்டியவராகிறார்.

கம்பெனிகள் தத்தம் நடைமேடைகளைத் தனித்தனியே அமைத்தன. 1951 நவம்பர் 5 அன்று மத்திய ரயில்வேயும் மேற்கு ரயில்வேயும் தோன்றிய பின்னரும் அப்பிரிவினை நீடித்தது. நடைமேடை எண்களும் இரு பக்கமும் ஒன்றிலிருந்தே தொடங்கின. "முதலாவது நடைமேடைக்கு வாருங்கள்" என்று உறவினர் சொன்னால், எந்த முதலாவது என்று கேட்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில்தான் மேற்குப் பகுதிக்கு 1 முதல் 7 வரையிலும், மத்தியப் பகுதிக்கு 8 முதல் 14 வரையிலும் தொடர் எண்கள் வழங்கப்பட்டன.

இவ்விரு பகுதிகளையும் ஒரே நிலையமாகச் சேர்த்து வைப்பவை நடைமேம்பாலங்களே. மின்சார வண்டி ஒன்று நிற்பது சில விநாடிகள். அதற்குள் இறங்கும் பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் படிகளை நாடுகிறது. எதிரே ஏறுவோரும் இறங்குவோரும் சந்திக்குமிடம் படிக்கட்டின் வாயிலாகும். பாலம் எத்துணை அகலமாயினும் படி குறுகியிருப்பின், அது குறுகிய பாலமேயாகும்.

இவ்வுண்மையைத் தாதருக்குத் தெற்கே அடுத்த நிலையத்தில் நாம் துயரத்தோடு அறிந்தோம். பரேலையும் எல்பின்ஸ்டன் ரோடையும் இணைத்த பாலத்தில், 2017 செப்டம்பர் 29 அன்று காலை, மழைக்கு ஒதுங்கி நின்றோரும் வண்டிகளிலிருந்து வந்தோரும் நெருக்குண்டு 23 பேர் உயிரிழந்தனர். ஆலைகள் இருந்த பகுதி அலுவலகப் பகுதியாக மாறிற்று. வந்து செல்வோர் தொகை பெருகிற்று. பாலம் மட்டும் பழைய அளவிலேயே நின்றது. இராணுவத்தினர் அங்கே புதிய பாலமொன்றை அமைத்து, 2018 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. எல்பின்ஸ்டன் ரோடு அவ்வாண்டே பிரபாதேவி எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மாற்று நிலையத்தின் தகுதியை வண்டிகளின் எண்ணிக்கை கொண்டு மட்டும் அளத்தல் போதாது; மாறுவோர் நடக்கும் வழியையும் அளக்க வேண்டும். வழியை அகலப்படுத்துவது ரயில்வேயின் கடமை. படியில் நில்லாமல், ஒரு புறமாக ஒழுங்குடன் செல்வது நம் கடமை. வீட்டில் நமக்காகக் காத்திருப்போரை எண்ணினால், அடுத்த வண்டிக்காகச் சில நிமிடம் பொறுத்தல் பெரிதன்று.