ஊக்கு முனையில் ஒரு தீர்ப்பு

தண்டுவடக் காயத்தின் கடுமையை அளக்க ஸ்கேன் படம் மட்டும் போதாது. பஞ்சும் ஊக்கும் சொல்வதைச் சரியாகக் கேட்பது பிசியோதெரபி மாணவர்களுக்கு முதல் பாடம்.

கொஞ்சம் பஞ்சு, ஒரு ஊக்கு, ஒரு ஜோடி கையுறை. தேவைப்படுவது அவ்வளவுதான். மரத்திலிருந்தோ கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடியிலிருந்தோ விழுந்து, கால்கள் செயலிழந்து படுத்திருக்கும் ஒருவர் மறுபடி நடப்பாரா? எம்.ஆர்.ஐ. படம் இதற்குப் பாதி பதிலைத்தான் தரும். மீதியைச் சொல்வது இந்த எளிய பரிசோதனை. எளிது என்பதாலேயே அது அரைகுறையாகச் செய்யப்படுவதும் உண்டு. ஆபத்து அங்குதான் இருக்கிறது.

இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஃபிராங்கெலும் அவரது சகாக்களும் 1969இல் வெளியிட்ட ஐந்து படிகள்தான் இதற்கு அடிப்படை. அமெரிக்க முதுகுத்தண்டுக் காயச் சங்கம் 1982இல் தன் விதிமுறைகளை வகுத்தது. 1992இல் ஃபிராங்கெலின் படிகளைத் திருத்தி அமைத்தது. சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான 'ஏஷியா' என்ற பெயரிலேயே அந்த அளவுகோல் இன்று உலகமெங்கும் புழங்குகிறது.

உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களைப் பஞ்சால் தொட்டும் ஊக்கால் குத்தியும் பார்க்க வேண்டும். உணர்வு இல்லாவிட்டால் 0, மாறுபட்டிருந்தால் 1, இயல்பாக இருந்தால் 2. பிறகு கைகால்களில் பக்கத்துக்குப் பத்துத் தசைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். புவியீர்ப்பை எதிர்த்து முழுமையாக அசைத்தால் 3. எல்லாம் நன்றாக இருந்தால் தசைகளுக்கு மொத்தம் 100.

இதிலிருந்து கிடைக்கும் விடைகள் இரண்டு. முதலாவது, காயத்தின் மட்டம். எக்ஸ்ரேயில் முறிந்து தெரியும் எலும்பின் எண்ணை அப்படியே எழுதிவிடுவது மாணவர்கள் செய்யும் தவறு. தண்டுவடம் இடுப்பின் முதல் முள்ளெலும்பை ஒட்டியே முடிந்துவிடுகிறது. அதனால் எலும்பின் எண்ணும் நரம்பின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு எண் கூடினால் வாழ்க்கையே மாறும். கழுத்தின் 5ஆம் நரம்பு முழங்கையை மடக்கும். 6ஆம் நரம்பு மணிக்கட்டை நிமிர்த்தும். நிமிர்த்தும்போது செயலிழந்த விரல்களும் தாமாக மடங்கும். அந்தப் பிடியில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடலாம். இதை அறியாமல் மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேர நீட்டிப் பயிற்சி கொடுத்தால், இருக்கும் பிடியும் போய்விடும். 7ஆம் நரம்பும் தப்பியிருந்தால் முழங்கையை நீட்டலாம். கைகளை ஊன்றி உடலைத் தூக்கிச் சக்கர நாற்காலிக்கு மாறுவது எளிதாகும்.

இரண்டாவது விடை, தரம். 'ஏ' என்றால் முழுமையான காயம். 'பி' என்றால் காயத்துக்குக் கீழே உணர்வு உண்டு, அசைவு இல்லை. அசைவும் தப்பியிருந்தால் 'சி' அல்லது 'டி'. காயத்துக்குக் கீழுள்ள முக்கியத் தசைகளில் பாதியாவது 3 மதிப்பெண்ணைத் தொட்டால் 'டி', தொடாவிட்டால் 'சி'. முன்பிருந்த குறை நீங்கி எல்லாம் இயல்பாகிவிட்டால் 'இ'.

'ஏ'யா 'பி'யா என்பதில்தான் சிக்கல். கால்களில் உணர்வும் இல்லை, அசைவும் இல்லை என்றதும் 'ஏ' என்று எழுதத் தோன்றும். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது கால்கள் அல்ல, ஆசனவாய். அங்கே தொடு உணர்வோ குத்தல் உணர்வோ இருக்கிறதா, உள்ளே விரலின் அழுத்தம் தெரிகிறதா, நோயாளியால் தானாக இறுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தண்டுவடத்தின் கடைசி முனைக்குச் செய்தி போய்வருகிறது என்றால், காயத்தைக் கடந்து சில இழைகளாவது பிழைத்திருக்கின்றன என்று பொருள். 'பி' நிலையில் குத்தல் உணர்வும் தப்பியிருந்தால், பின்னாளில் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது.

கூச்சத்தால் இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் உண்டு. திரை போட்டு, சம்மதம் கேட்டு, பெண் நோயாளி என்றால் ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொண்டு செய்தால் கூச்சம் குறையும். செய்யாமல் விட்டால், நம்பிக்கைக்கு இடமுள்ள ஒருவர் கணக்கிலிருந்தே விழுந்துவிடுவார். அவருக்கான பயிற்சித் திட்டமும் அதற்கேற்பச் சுருங்கும்.

அவசரத் தீர்ப்பும் கூடாது. விபத்து நடந்த உடனே தண்டுவடம் அதிர்ச்சியில் முடங்கிக் கிடக்கலாம். அதனால் 72 மணி நேரம் கழித்து மறுபடி சோதிப்பது வழக்கம். சிகிச்சை நெடுகிலும் அது தொடர வேண்டும். முதலில் 'ஏ' என்று குறிக்கப்பட்டவர்களில் சிலர் பின்னர் முன்னேறுவதும் உண்டு. பொய் நம்பிக்கை தராமல் இதை வீட்டாரிடம் சொல்வதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

எழுத்து மாறாதவர்களுக்கும் வேலை நிறைய இருக்கிறது: படுக்கைப் புண் வராமல் காப்பது, சிறுநீர்ப்பையைப் பராமரிப்பது, தோள்களுக்கு வலுவூட்டுவது. 1965 மே மாதம் எவரெஸ்டில் ஏறிய மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா, அதே ஆண்டு நடந்த போரில் குண்டடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தார். தில்லி வசந்த் குஞ்சில் இந்திய முதுகுத்தண்டுக் காய மையத்தை நிறுவியவர் அவர்தான். ஏஷியா அளவுகோல் அளப்பது தண்டுவடத்தை மட்டுமே.